வாய் பிளந்தது போதும்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாகர்கோவிலிலிருந்து சித்தப்பா போன் செய்தார். சித்தப்பா கொத்தனாராக ஆரம்பித்து மேஸ்திரியானவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எங்கள் குடும்பத்தில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள் நான் என்பதால் இன்வெர்ட்டர் வாங்குவதிலிருந்து வாஷிங் மெஷின் ரிப்பேர் வரை எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். நான் எழுதுவது சாஃப்ட்வேர், வாஷிங் மெஷினைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் எடுபடாது.

"மக்கா, ஒரு மெஷின் வந்திருக்கு டே. கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம். உள்ள காந்தம் வச்சிருக்கான். ஒரு தடவ சுத்தி விட்டா அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குமாம். நம்ம போர் மோட்டார அதுலயே ஓட்டலாம்னு சொல்லுதான். சரியா வருமா?"

நான் சொன்ன பதிலை அப்படியே இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையே அந்தப் பதிலுக்கான தண்டனைதான்.

"இருக்கலாம் சித்தப்பா. இப்பல்லாம் குவாண்டம் அது இதுன்னு என்னென்னமோ வந்துட்டு. எதுவும் நடக்காதுன்னு அடிச்சுச் சொல்லிர முடியாது."

சித்தப்பா 65,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் நின்றது. விற்றவனின் போன் அதற்கு முன்பே நின்றுவிட்டது. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

அந்தச் சமயத்தில் என் அலமாரியில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஹாக்கிங் இருந்தார். ஃபைன்மனின் நினைவுக் குறிப்புகள் இருந்தன. கருந்துளை பற்றி நான்கு புத்தகம், இழைக் கோட்பாடு பற்றி இரண்டு. நிகழ்வு எல்லையைத் தாண்டி விழுகிறவனுக்கு என்ன ஆகும் என்று டீக்கடையில் நின்று அரை மணி நேரம் பேசுவேன். நண்பர்கள் என்னை 'சயின்ஸ் ஆர்வலர்' என்பார்கள். ஆனால் ஒரு காந்தத்தால் ஒரு மோட்டாரை ஓட்ட முடியுமா என்று என் சொந்தச் சித்தப்பா கேட்டபோது ஒரு காகிதத்தை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

எடுத்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பாருங்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் நொடிக்கு 746 ஜூல் ஆற்றல் கேட்கும். சந்தையில் கிடைப்பதிலேயே சக்தி வாய்ந்தது நியோடிமியம் காந்தம். அதில் ஒரு கிலோவுக்குள் தேங்கியிருக்கும் காந்தப்புல ஆற்றல் சில பத்து ஜூல்தான். தாராளமாக நூறு என்றே வைத்துக்கொள்வோம். அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுக்க வழி இருந்தாலும் சித்தப்பாவின் மோட்டார் ஏழில் ஒரு பங்கு நொடி ஓடும். கண் இமைக்கும் நேரம். அதன் பிறகு அந்தக் காந்தம் வெறும் இரும்புத் துண்டு. எங்கள் வயலுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் சுமார் இருபத்தேழு டன் காந்தம் வேண்டும்.

ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். பிளஸ் டூ இயற்பியல்கூட வேண்டாம். 65,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

*

என் சுய பரிதாபத்தைப் படிக்க நீங்கள் இங்கே வரவில்லை. எனவே விஷயத்துக்கு வருகிறேன். நம் தலைமுறையில் அறிவியல் ஆர்வம் என்ற பெயரில் நடமாடுவதில் பெரும்பகுதி மலைப்பு வணிகம். இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. பத்து வருடம் அதன் விசுவாசமான வாடிக்கையாளனாக இருந்துவிட்டுச் சொல்கிறேன்.

அதன் சரக்கு உங்களுக்கு நன்றாகத் தெரியும். கரகரத்த குரல், பின்னணியில் ஆர்கன் இசை, திரையில் சுழலும் விண்மீன் மண்டலம். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். நீங்கள் விண்மீன் துகள்களால் ஆனவர். ஒரே துகள் இரண்டு இடத்தில் இருக்கும். பார்த்து முடித்ததும் மார்புக்குள் ஒரு விரிவு, நாம் எவ்வளவு சின்னவர்கள் என்று ஒரு சிலிர்ப்பு. பிறகு அடுத்த வீடியோ.

இதில் சொல்லப்படுவது பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மைதான். என் கேள்வி வேறு. அந்த 1380 கோடி என்ற எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள்? அது 1380 ஆக இருந்தாலும் 13,800 ஆக இருந்தாலும் உங்கள் சிலிர்ப்பு ஒரு மில்லிமீட்டர் மாறியிருக்குமா? மாறாது என்றால் உங்களுக்குக் கிடைத்தது அந்த எண் அல்ல. பெரிய எண் ஒன்றின் சத்தம் மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால் இந்தச் சத்தத்துக்குப் பழகிய காது வேறு எதையும் கேட்கும். எல்லாமே நம்ப முடியாததாகவும் எல்லாமே உண்மையாகவும் இருக்கும் ஓர் உலகத்தில், காந்த ஜெனரேட்டர் மட்டும் ஏன் முடியாது? மலைப்பு என்னைச் சந்தேகப்பட வைக்கவில்லை. நம்பத் தயாராக்கி வைத்தது. விற்றவன் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

இது என் குடும்பக் கதை மட்டுமல்ல. 1996-ல் தமிழ்நாடே மூலிகைப் பெட்ரோல் முன்னால் வாயைப் பிளந்து நின்றது. தண்ணீரில் இலையைப் போட்டுக் காய்ச்சினால் எரிபொருள் வருகிறது என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, அரசியல்வாதிகள் வாழ்த்தினார்கள். அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி மிகச் சின்னது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். அதில் அறுநூறு கிராமுக்கு மேல் கரி, அதாவது கார்பன். தண்ணீரில் கார்பன் கிடையாது. ஒரு கைப்பிடி இலையில் அறுநூறு கிராம் கார்பன் கிடையாது. பின்னே எங்கிருந்து வந்தது? மளிகைக் கடைக்காரர் தினமும் போடும் கணக்கு இது. இருபது வருடம் கழித்து 2016-ல் சென்னையில் ஒரு நீதிமன்றம் மோசடி என்று தீர்ப்பளித்து மூன்றாண்டுத் தண்டனை விதித்தது. இருபது வருடம்! தராசை வைத்திருந்தால் இருபது நிமிடம்.

இலக்கியவாதிகளான நாம் இதில் சளைத்தவர்களா? நம் கட்டுரைகளில் இயற்பியல் உவமையாக மட்டுமே வரும். ஒரு நாவலின் முடிவு தெளிவில்லாமல் இருந்தால் ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு. யாருடைய பார்வையும் இறுதியானதல்ல என்று சொல்ல ஐன்ஸ்டைனின் சார்பியல். ஹைசன்பர்க்கின் விதி நிச்சயமின்மையைக் குறித்த புலம்பல் அல்ல. நிச்சயமின்மை எவ்வளவு என்று எண்ணால் சொல்லும் விதி. அந்த எண் எவ்வளவு சிறியதென்றால் ஒரு கிரிக்கெட் பந்தின் விஷயத்தில் அது இருப்பதே தெரியாது, நாவலின் முடிவை விடுங்கள். ஐன்ஸ்டைன் 1905-ல் எழுதிய கட்டுரையின் அஸ்திவாரமோ, ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்பது. யார் பார்த்தாலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியவரை, எல்லாமே பார்வைதான் என்று சொன்னவராக ஆக்கிவிட்டோம். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசுகிறவனை நாம் எப்படிப் பார்ப்போம்? அறிவியலில் நாம் எல்லோரும் பின்னட்டை வாசகர்கள்.

*

"நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, உனக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

எம்-1, எம்-2, எம்-3 என்று கணிதத் தாள்களை வரிசையாகத் தாண்டி வந்தவன் நான். லாப்லாஸ் உருமாற்றத்தில் பதினாறு மதிப்பெண் கேள்விக்குப் பதினான்கு வாங்கியிருக்கிறேன். அது எதற்கு என்று அன்றும் தெரியாது. அட்டவணை மனப்பாடம், விடை தப்பானாலும் 'ஸ்டெப் மார்க்' உண்டு. ஃபூரியே தொடரை எழுதிக் குவித்தேன். ஃபூரியே உண்மையில் யோசித்துக்கொண்டிருந்தது ஓர் இரும்புக் கம்பியில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதைத்தான் என்று வேலைக்கு வந்து ஏழு வருடம் கழித்து எங்கோ படித்தேன். அடுப்பில் வைத்த கரண்டியின் காம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுகிறதே, அந்த விஷயம். அதை யாராவது முதல் வகுப்பில் சொல்லியிருந்தால் நான் கையைச் சுட்டுக்கொண்டாவது கற்றிருப்பேன்.

ஆக இரண்டு பக்கமும் ஒன்றே நடக்கிறது. கல்லூரி, உலகம் இல்லாத கணக்கைக் கொடுக்கிறது. வீடியோ, கணக்கு இல்லாத உலகத்தைக் கொடுக்கிறது. ஒன்றிலிருந்து களைத்து மற்றொன்றுக்கு ஓடுகிறோம். இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடிப்பதற்குப் பெயர்தான் ஆர்வம் என்று எனக்குத் தெரிய முப்பத்து மூன்று வயதாயிற்று. தெரியவைத்தது ஒரு குச்சி.

*

இரண்டு வருடம் முன்பு டிசம்பரில் சித்தப்பாவுக்குப் போன் செய்து, "ஒரு வேலை செய்யலாமா, பைசா செலவில்லை" என்றேன். மெஷின் விஷயத்தை நான் நேராகப் பேசியிருக்க வேண்டும். பேச வாய் வரவில்லை. இது என் வழி.

கிரேக்கர் எரட்டோஸ்தனீஸ் 2200 வருடங்களுக்கு முன் எகிப்தில் செய்ததுதான். வடக்கு தெற்காக இரண்டு ஊர். ஒரே நாளில் நண்பகலில் இரண்டு ஊரிலும் நிழலை அளப்பது. பூமி தட்டையாக இருந்து சூரியன் வெகுதூரத்தில் இருந்தால் இரண்டு நிழலும் ஒரே நீளம் இருக்கும். வேறுபட்டால் அந்த வேறுபாட்டில் பூமியின் வளைவு இருக்கிறது. வளைவு தெரிந்தால் சுற்றளவு தெரியும். எல்லோரும் பள்ளியில் கேட்ட கதை. எல்லோரும் 'ஆகா' என்று சொன்ன கதை. நான் கேட்கிறேன், உங்களில் எத்தனை பேர் செய்தீர்கள்?

டிசம்பர் 21. நான் சென்னை பெரும்பாக்கத்தில் அடுக்ககத்தின் மொட்டை மாடியில். சித்தப்பா நாகர்கோவிலில் தன் வீட்டு மாடியில். இருவரிடமும் சரியாக ஒரு மீட்டர் நீளக் குச்சி. மழை விட்டிருந்தது. பதினொன்றே முக்காலிலிருந்து நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வர வேண்டும், எது மிகக் குட்டையோ அதுதான் நண்பகல். எனக்கு 12:07-க்கு வந்தது. 72 சென்டிமீட்டர். சித்தப்பாவுக்கு 12:18. அறுபத்தொன்றரை.

"என்ன டே, உனக்கு முன்னாலயே உச்சி வந்துட்டு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. நாகர்கோவில் சென்னைக்குத் தெற்கே மட்டும் இல்லை, மேற்கேயும் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம். பதினோரு நிமிடம் என்றால் மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் கேட்காமலே நிழல் அதையும் சொல்லிவிட்டது.

தூரத்துக்கு நான் முதலில் எடுத்தது கூகுள் காட்டிய சாலைத் தூரம், ஏறக்குறைய 700 கிலோமீட்டர். "ரோடு வளஞ்சுல்லா போவும்" என்றார் சித்தப்பா. வளைவது மட்டுமல்ல, மேற்காகப் போவதும் அதில் சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு வேண்டியது வடக்கு தெற்குப் பங்கு மட்டும். அண்ணன் மகனின் பள்ளி அட்லஸில் அடிக்கோலை வைத்து அளந்தேன். 520 வந்தது.

நிழலிலிருந்து கோணம். என்னுடையது 35.75 டிகிரி, சித்தப்பாவுடையது 31.6. வித்தியாசம் சுமார் 4.16. 4.16 டிகிரிக்கு 520 கிலோமீட்டர் என்றால் 360 டிகிரிக்கு 45,000. புத்தகத்தில் இருப்பது 40,000. பூமி என் மாடியில் எட்டில் ஒரு பங்கு பெருத்துவிட்டது.

புத்தகம் தப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த அளவுக்குத் தலை திரும்பவில்லை. ஆனால் எங்கே தப்பு என்று தெரியாத நிலை இருக்கிறதே, அது புதிது. வீடியோ பார்க்கும்போது ஒரு நாளும் வராதது. தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா கேட்டார். "குச்சிய தூக்குக்குண்டு விட்டுப் பாத்தியா?"

நான் கண்ணால் பார்த்து நிறுத்தியிருந்தேன். குச்சி அரை டிகிரி சாய்ந்தால் அதன் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நகரும்.

"தரைக்கு ரசமட்டம் வச்சியா?"

வைக்கவில்லை.

"சரி, நுனிய எங்க குறிச்ச? அது மங்கலால்லா விழும்."

இதுதான் விஷயம். நிழலின் நுனி கோடாக விழுவதில்லை. ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கறுப்பிலிருந்து வெளுப்பாகக் கரைகிறது. ஏனென்றால் சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதன் ஒரு விளிம்பை மறைக்கும் குச்சி மறு விளிம்பை மறைப்பதில்லை. நான் நல்ல கறுப்பு முடியும் இடத்தைக் குறித்திருந்தேன். சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? முதல் பத்து நிமிடத்திலேயே மங்கலைக் கவனித்து, ஒரு தகரத் துண்டில் ஆணியால் ஓட்டை போட்டுக் குச்சியின் தலையில் வைத்துவிட்டார். தரையில் நிழலுக்கு நடுவே ஒரு சின்ன ஒளிவட்டம் விழுந்தது. அதன் மையத்தைக் குறித்தார். அந்த வட்டம் சூரியனின் படமேதான்.

"ஏன் சித்தப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ இன்ஜினியர்லா, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்று மதியம் தூக்குக்குண்டு, ரசமட்டம், ஓட்டைத் தகரத்தோடு மறுபடி அளந்தேன். 73.5. சித்தப்பாவுக்கு அதே அறுபத்தொன்றரை. வித்தியாசம் 4.73 டிகிரி. சுற்றளவு 39,600 கிலோமீட்டர். ஒரு சதவீதப் பிழை.

மாடியிலேயே துள்ளினேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இறங்கி வந்து இன்னொரு கணக்குப் போட்டேன். நிழலில் அரை சென்டிமீட்டர் தவறினால் விடை எவ்வளவு நகரும்? சுமார் நான்கு சதவீதம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் கைக்கு அரை சென்டிமீட்டர் பிழை சாதாரணம். ஆக நாங்கள் ஒரு சதவீதத்துக்குள் வந்தது பாதி அதிர்ஷ்டம். நான் நேர்மையாகச் சொல்லக்கூடியது, பூமியின் சுற்றளவு 38,000-க்கும் 41,500-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான். இந்த வாக்கியத்தில் மலைப்பு எதுவும் இல்லை, யாரும் இதற்குப் பின்னணி இசை போட மாட்டார்கள். என் வாழ்க்கையில் பிரபஞ்சத்தைப் பற்றி நானாகச் சொல்ல முடிந்த முதல் வாக்கியம் இதுதான். மற்றதெல்லாம் கேள்விப்பட்டது.

*

அட்லஸ் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த 520 கிலோமீட்டர் யார் அளந்தது? பூமியின் அளவு ஏற்கெனவே தெரிந்தவர்கள் போட்ட வரைபடத்தை வைத்து நான் பூமியை அளந்தால் அது திருட்டுக் கணக்கு இல்லையா?

தேடிப் போனால் விடை என் வீட்டு வாசலில் வந்து நின்றது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி மதராஸில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே ஏழரை மைல் நீளம். அதன் தென்முனை பெரும்பாக்கம் குன்று. ஆமாம், நான் குச்சி நட்ட அதே பெரும்பாக்கம். நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, வெயிலில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானியைப் பார்த்துத் திருத்தி, ஏழரை மைலுக்கு 57 நாள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகத் தீபகற்பம் முழுவதும் போனார்கள். கோணத்தை அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அதை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தன் கையாலேயே அதைத் தட்டி நிமிர்த்தினார்.

கம்பெனி இதற்குப் பணம் கொடுத்தது நிலத்தைப் பிடிக்கவும் வரி வசூலிக்கவும்தான், அதில் எனக்கு மயக்கம் இல்லை. சங்கிலியை இழுத்த கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் பதிவாகவில்லை என்பதையும் மறக்கவில்லை. ஆனால் தூரம் தரையில் அளக்கப்பட்டது. பூமியின் சுற்றளவிலிருந்து வந்தது அல்ல. என் கணக்கு திருட்டுக் கணக்கு இல்லை. பள்ளி அட்லஸின் மூலையிலிருக்கும் அந்தச் சின்ன ஸ்கேலுக்குள் ஒரு சங்கிலியின் சத்தம் இருக்கிறது.

இன்று அந்தக் கோட்டின் மேலேயும் பக்கத்திலேயும் ஆயிரக்கணக்கான இன்ஜினியர்கள் தினமும் கேப் பிடித்து வேலைக்குப் போகிறார்கள். காதில் ஹெட்போன். அதில் பிரபஞ்சம் பற்றிய பாட்காஸ்ட். நானும் அந்தக் கேபில்தான் இருந்தேன்.

*

சரி, எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

"எல்லோரும் கணக்குப் போட முடியுமா? சாதாரண வாசகருக்கு ஆர்வத்தைத் தூண்டுவது தப்பா?" தப்பில்லை. சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' இல்லையென்றால் எங்கள் தலைமுறைக்கு இந்தப் பக்கம் ஒரு கதவே இருந்திருக்காது. தூண்டுவது வாசல். பத்து வருடம் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைத்தான் கேட்கிறேன்.

"ஆர்வலர் என்றால் ரசிகர்தானே, ரசித்தால் போதாதா?" என்று இன்னொருவர் கேட்பார். மார்கழியில் சபாவுக்குப் போய்ப் பாருங்கள். முன்வரிசையில் ஒரு மாமா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பாட வராது. ஆனால் பல்லவியில் பாடகர் எங்கே இறங்க வேண்டும் என்று அவர் கை அறியும். தவறினால் புருவம் உயரும். அந்தக் கைதான் அவரை ரசிகராக்குகிறது. நான் கேட்பது அந்தக் கையைத்தான், குரலை அல்ல.

"நமக்கெல்லாம் ராமானுஜன் மாதிரி அருள் வேண்டுமே" என்பது மூன்றாவது. நாமகிரித் தாயாரின் கனவுக் கதையை விரும்பிச் சொல்கிற நாம், கார் என்பவர் தொகுத்த சுமார் ஐயாயிரம் தேற்றங்களைப் பதினாறு வயதிலிருந்து ஒவ்வொன்றாகச் சிலேட்டில் போட்டுப் போட்டுப் பார்த்த பையனைப் பற்றிப் பேசுவதில்லை. கனவை மட்டும் சொன்னால் நமக்கு வேலை இல்லை, கும்பிட்டுவிட்டுப் போகலாம். சிலேட்டைச் சொன்னால் எடுத்து எழுத வேண்டியிருக்கும்.

அருள் இல்லாதவர்களின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அமெரிக்காவில் மார்ஜரி ரைஸ் என்று ஒரு இல்லத்தரசி. ஐந்து பிள்ளைகள். பள்ளிக் கணிதத்துக்கு மேல் படிக்காதவர். தரையை இடைவெளியில்லாமல் நிரப்பக்கூடிய ஐங்கோண ஓடுகளைப் பற்றி 1975-ல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியைப் படித்தார். நாமெல்லாம் 'அட' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவர் சமையலறை மேடையில் வரைய ஆரம்பித்தார். யாராவது வந்தால் தாளை மறைத்துக்கொள்வார். கணிதக் குறியீடு தெரியாததால் தானே ஒன்றைச் செய்துகொண்டார். அடுத்த சில வருடங்களில் யாரும் அறியாத நான்கு வகைகளைக் கண்டுபிடித்தார்.

நாசிக் பக்கம் தேவ்லாலியில் காப்ரேகர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எண்களோடு விளையாடுவார். பெரிய கணிதர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1949-ல் அவர் கண்டது இது. ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாமல். 2024 என்று வையுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். 4220 கழித்தல் 0224, 3996. திரும்பச் செய்தால் 6264. பிறகு 4176. பிறகு 6174. அதற்கு மேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கேயே வந்து விழும்.

இதைப் படித்து 'செம' என்று தோன்றியதா? நிறுத்துங்கள். உங்கள் பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தீர்களா? பார்க்காமல் அடுத்த பத்திக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு நேரம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

*

கடைசியாக ஒன்று. நான் கோபப்படுவது அறியாமையின் மேல் அல்ல. சித்தப்பாவுக்குக் காந்தப்புல ஆற்றல் தெரியாது, அதில் ஒரு வெட்கமும் இல்லை. தெரியாதபோது தெரிந்தவன் என்று நம்பிய ஒருவனைக் கேட்டார். அவருடைய பக்கம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கேட்கப்பட்டவன்தான் தன் மலைப்பை அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தான். நம் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார். காந்தப் படுக்கை வாங்கலாமா, இந்தத் தண்ணீர் மெஷின் புற்றுநோயைக் குணமாக்குமா என்று குடும்ப வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறார். கருந்துளையைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கப்போவதில்லை.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த மெஷினைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்பு, யோசிக்காமல் சொன்னேன், மன்னிச்சிருங்க என்றேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். அடித்தட்டுக்குக் கீழே மறைத்து வைத்த ஒரு பேட்டரி. காந்தங்களைத் தனியாக எடுத்து ஒரு கம்பில் கட்டியிருந்தார். சைட்டில் மணலில் சிந்திய ஆணியைப் பொறுக்க அதைத்தான் கொண்டுபோகிறாராம்.

"சரி, அத விடு. நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "கன்னியாகுமரியில கரையில நின்னா கடல் ஒரு எடத்துல முடிஞ்ச மாதிரி கோடு தெரியுதுல்லா. அது எவ்வளவு தூரம் டே?"

வாய் வரை ஏதோ வந்தது. விழுங்கிவிட்டு, பேப்பர் இருக்கா சித்தப்பா என்று கேட்டேன்.